நித்திரை கொண்ட மனுசனிட்டக் கேட்டால் என்னெண்டு தெரியும்?

நேற்றிரவு 38 செக்கன். போனில ஸ்டொப்வொச்சை ஓடவிட்டு, என்ர மனுசன்ர நெஞ்சில கையை வைச்சுக்கொண்டு இருந்தனான். கூரைத் தகரம் அதிருற மாதிரிப் போய்க்கொண்டிருந்த குறட்டை ஒரேயடியா நிண்டிட்டுது. நெஞ்சு எழும்புது, வயிறு உள்ளுக்கு இழுக்குது, ஆனால் மூக்கடியில விரலை வைச்சால் காத்தில்லை. 38ஆவது செக்கனில, குளத்துக்குள்ள தாண்டுபோன ஆள் தலையை வெளியில நீட்டின மாதிரி ஒரு இழுவை. பிறகு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார். விடிய எழும்பி, நல்ல நித்திரையாம்.

இதுக்குப் பேர் ஸ்லீப் அப்னியா. நித்திரையில தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கும் பின்னுக்குச் சரிஞ்சு, மூச்சுப் போற வழியை அடைச்சுப்போடும். ஒட்சிசன் இறங்க இறங்க மூளைதான் ஆளைத் தட்டி எழுப்புது. அந்த முழிப்பு ஒரு சில செக்கன்தான், விடிஞ்சால் ஞாபகமே இராது. மூச்சு 10 செக்கன் நிண்டாலே ஒண்டெண்டு கணக்கு. மணித்தியாலத்துக்கு 30 தரமோ அதுக்கு மேலயோ எண்டால் கடும் நிலை. இவருக்கு 41. அந்த 41ஐக் கடதாசியில பாக்க எங்களுக்கு 14 மாசம் போனது. பாத்த பிறகும், நித்திரையில மூச்சுவழியைத் திறந்து வைக்கிற சிபாப் மிசினுக்குத் துண்டு எழுதித்தர ஒரு டொக்டரும் இல்லை.

இவர் லொறி ஓடுறவர். எங்கட பக்கத்து நெல்லையும் பூசணிக்காயையும் ஏத்திக்கொண்டு ஏ9ஆல தம்புள்ளைக்குப் போறவர். போன வருசம் ஒருநாள் வவுனியாவுக்கு நானும் கூடப் போனனான். முறிகண்டியில நிப்பாட்டி, பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு வந்து சீற்றில ஏறினார். திறப்பு ஒரு கையில, கச்சான் சரை மற்றக் கையில. அப்பிடியே தலை ஸ்டேரிங்கில சாய்ஞ்சிட்டுது. கச்சான் முழுக்க மடியில கொட்டுண்டு காலடியில உருளுது, ஆள் குறட்டை விடுறார். காலமை பத்து மணி. தட்டி எழுப்பினால், “நான் தூங்கேல்லையப்பா, சும்மா கண்ணை மூடினனான்” எண்டுறார். அண்டைக்கு வவுனியா மட்டும் நான் வாயை மூடேல்லை. எதையெதையோ கதைச்சுக்கொண்டே போனன்.

அதுக்குப் பிறகுதான் கிளினிக் அலைச்சல். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, நம்பர் எடுத்து, பதினொரு மணிக்கு உள்ள கூப்பிடுவினம். “துணைக்கு வந்த ஆக்கள் வெளியில நில்லுங்கோ.” நான் வாசல்ல. இரண்டு நிமிசத்தில ஆள் வெளியில வந்திட்டார், கையில குளிசை. என்ன சொன்னீங்கள் எண்டு கேட்டன். “கொஞ்சம் குறட்டை எண்டு சொன்னனான்.”

இதுதான் என்ர வயிறு எரியிற இடம். நித்திரையில நடக்கிற ஒண்டைப் பற்றி, நித்திரை கொண்ட மனுசனிட்டக் கேட்டு என்ன காணப் போறியள்? பாத்தவள் நான். எண்ணினவள் நான். 2008இல ரொறொன்ரோ டொக்டர்மார் ஒரு கேள்விப் பட்டியல் செய்தவை, உலகம் முழுக்கப் பாவிக்கிறது. அதில இருக்கிற எட்டுக் கேள்வியில ஒண்டு, “நித்திரையில உங்கட மூச்சு நிண்டதை ஆரும் பாத்தவையா?” அந்த “ஆரும்” வாசலுக்கு வெளியில நிக்குது! கழுத்துச் சுற்றளவும் அதில ஒரு கேள்வி. 40 சென்ரிமீற்றருக்கு மேல எண்டால் கவனிக்கவேணும். தையல் ரேப்பால நான் அளந்தனான், 43. அதைத் துண்டில எழுதிக் குடுத்துவிட்டன். அந்தத் துண்டு இவற்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ளயே திரும்பி வந்தது.

பகல்ல தூங்கி விழுறியளோ எண்டும் ஒரு படிவம் குடுத்தவை. அதிலயும் எட்டுக் கேள்வி, ஒவ்வொண்டுக்கும் 0 தொடக்கம் 3 வரை போடவேணும், கூட்டினால் 10க்கு மேல வந்தால் பிரச்சினை. ரோட்டில வாகனம் கொஞ்ச நேரம் நிண்டால் தூக்கம் வருமோ எண்டும் அதில இருக்கு. லொறி ஓடிப் பிழைக்கிற மனுசன் அதுக்கு “ஓம்” எண்டு போடுவாரோ? மொத்தம் 4 போட்டிருக்கிறார். நான் பக்கத்தில இருந்திருந்தால் 17.

பிறசருக்கு மூண்டு விதக் குளிசை எழுதியாச்சு. கிளினிக் கொப்பி முழுக்க அதுதான். இவ்வளவு குடிச்சும் பிறசர் இறங்காட்டி நித்திரையையும் பாக்கவேணும் எண்டு டொக்டர்மாருக்குப் படிப்பிச்சிருக்கும்தானே. ராவில நாலு தரம் சலத்துக்கு எழும்பிறார் எண்ட உடன சீனி பாத்தினம். சீனி இல்லை. அதோட விட்டிட்டினம்.

மூண்டாம் தரம் நான் இடிச்சுக்கொண்டு உள்ள போனன். மூச்சுத் திணறித் திடுக்கிட்டு எழும்பிறார் டொக்டர் எண்டு சொன்னன். அவர் கொப்பியில விலாசத்தைப் பாத்தார். “அம்மா, நீங்கள் கடைசிச் சண்டைக்குள்ள இருந்த ஆக்கள்தானே. உங்கட பக்கத்துச் சனத்துக்கு நித்திரை குழம்புறது வழமை.” எழுதினது நித்திரைக் குளிசை.

நாங்கள் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் வந்தனாங்கள். அந்தக் காயம் என்னெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதுக்காக வன்னியில இருந்து வாற ஒவ்வொரு வருத்தத்தையும் 2009இல கொண்டுபோய்க் கட்டுவியளோ? இவருக்கு மூச்சு நிக்கத் தொடங்கி ஆறு வருசம். அது கனவில்லை, தொண்டை. தொண்டை அடைக்கிற ஆளுக்கு நித்திரைக் குளிசை குடுத்தால் தசை இன்னும் தளரும், எழும்பவேண்டிய மூளையும் மந்தமாகும். அண்டிரவு 52 செக்கன் எண்ணினன். பயத்தில தோளைப் பிடிச்சு உலுப்பிப்போட்டன். விடிய அந்தக் குளிசை கக்கூசுக்குள்ள போனது.

பிறகு சோதனை எடுக்கச் சொல்லிச்சினம். எங்கட மாவட்டத்தில இல்லையாம். கொழும்பில ஒரு இரவு வயரெல்லாம் பூட்டிப் படுக்கவேணும். வீட்டிலயே செய்யிற சோதனை இருக்குத்தானே எண்டு கேட்டன். மூக்கில சின்னக் குழாய், நெஞ்சில பட்டி, விரலில கிளிப், ஒரு இரவு, அவ்வளவுதான். வேற பெரிய நோயில்லாமல் அறிகுறி தெளிவா இருக்கிற பெரியாக்களுக்கு அது காணும் எண்டு அமெரிக்க நித்திரை மருத்துவச் சங்கம் 2017இலயே வழிகாட்டி எழுதி வைச்சிருக்கு. “அதெல்லாம் இஞ்ச சரிவராது” எண்டிட்டார். சிறுபோக நெல் வித்த காசோட கொழும்புக்குப் போய் வந்தம். 41.

அந்த ரிப்போட்டைத் தூக்கிக்கொண்டு போனால், “முதல்ல பத்துக் கிலோ குறைச்சுக்கொண்டு வாங்கோ, மிசினைப் பிறகு பாப்பம்.” நிறை குறைஞ்சால் நல்லம், ஆர் இல்லையெண்டது? அதுக்கு மாசக்கணக்கு வேணும். லொறி நாளைக்கே தம்புள்ளைக்குப் போகுது. நித்திரையே இல்லாத உடம்பு எந்த நேரம் எழும்பி நடக்கிறது?

அந்த மிசின் ஒண்டும் பெரிய வித்தையில்லை. 1980இல சிட்னியில கொலின் சல்லிவன் எண்ட டொக்டர் கண்டுபிடிச்சது. அறையில இருக்கிற காத்தையே குழாயால மூக்குக்குள்ள ஊதி, அந்த அழுத்தத்தில தொண்டையை மூடவிடாமல் வைச்சிருக்கும். இப்ப வாறது அழுத்தத்தைத் தேவைக்கேற்ற மாதிரித் தானே கூட்டிக் குறைக்கும். கனடாவில இருக்கிற என்ர தம்பி வாங்கி அனுப்ப ஆயத்தமா நிக்கிறான். கடைக்காரர் டொக்டரின்ர துண்டு கேக்கினமாம். இரண்டு வரி, ஒரு கையெழுத்து, ஒரு சீல்.

“கரண்ட் போற இடம், தண்ணி சரியில்லை, நீங்கள் இதைப் பாவிக்கமாட்டியள்.” இதுவும் சொல்லியாச்சு. எங்கட தண்ணி கேத்தில் அடியில வெள்ளையாப் படியும் எண்டு எனக்குத் தெரியாதோ? ஊதுற காத்தை ஈரமாக்க மிசினுக்குள்ள விடுற தண்ணிதானே, காய்ச்சி வடிச்ச போத்தல் தண்ணி வாங்கி ஊத்துவன். கரண்ட் போனால் பற்றரியில ஓட்ட அடப்ரர் இருக்கு, லொறிக்காரன்ர வீட்டில பற்றரிக்கோ பஞ்சம்? நாங்கள் பாவிப்பமோ இல்லையோ எண்டதைத் தந்துபோட்டுப் பாருங்கோ!

வாற செவ்வாய்க்கிழமை திரும்பக் கிளினிக். நாலு இரவு எடுத்த வீடியோ போனில இருக்கு. கொழும்பு ரிப்போட்டு இருக்கு. எந்த இரவு எத்தினை செக்கன் எண்டு எழுதின கொப்பி இருக்கு. துணைக்கு வந்த ஆக்கள் வெளியில நில்லுங்கோ எண்டால் நான் நிக்கப்போறதில்லை. கதிரையில இருந்து, அந்த 38 செக்கனையும் டொக்டருக்கு முன்னால ஓடவிடப்போறன். அது முடியுமட்டும் அவரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கட்டும்.