பார்வை தெளிவாக இருந்தால் போதுமா?

"சர்க்கரை இருந்தாலும் பார்வை தெளிவாக இருந்தால் கண் பரிசோதனை வேண்டாம். லேசர் வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடும்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

கண்ணில் சர்க்கரை நோய் முதலில் கெடுப்பது விழித்திரையின், அதாவது கண்ணின் உள்ளே பின்புறம் ஒளியை உணரும் படலத்தின், நுண்ணிய ரத்தக் குழாய்களை. அவை அங்கங்கே புடைக்கும், கசியும். அந்தக் கசிவு விழித்திரையின் மையத்தைத் தொடாதவரை கடைசி வரி எழுத்தைக்கூடச் சரளமாகப் படித்துவிடலாம். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது இதற்கான சோதனையே அல்ல. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து உள்ளே பார்க்க வேண்டும், அல்லது விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும். சொட்டு விட்டால் சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். அன்று வண்டி ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் வகை சர்க்கரை என்றால், நோய் தெரிந்தவுடனே முதல் பரிசோதனை. முதல் வகைக்கு ஐந்து ஆண்டுகளுக்குள். அப்புறம் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. கர்ப்பிணிகளுக்கு இன்னும் சீக்கிரம்.

சரி, விழித்திரைக்கு வைக்கும் லேசர் ஒளிச் சிகிச்சை? அது இழந்த பார்வையைப் பெரும்பாலும் மீட்டுத் தராது. மேலும் இழக்காமல் காக்கத்தான் வைக்கிறார்கள். தாமதமாக வந்தவர்களுக்குச் சிகிச்சைக்குப் பிறகும் பார்வை குறைவதுண்டு. பழி லேசர் மேல் விழுகிறது. பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. விழித்திரையின் மையத்தில் வீக்கம் இருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசி பலருக்குப் பார்வையை மேம்படுத்துகிறது.

திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.