மந்திரத்தைக் காதால் படியுங்கோ

எங்கட ஊரில் ஒரு பிள்ளை தேவாரத்தில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் பக்கத்தில் நிற்கிற ஆச்சி உடனே திருத்துவா. கந்தபுராணப் படிப்பு நடக்கிற கோயிலில் வாசிக்கிறவர் சீரைப் பிழையாகப் பிரித்தால், கேட்டுக்கொண்டிருக்கிற பெரியவர் ஒருவர் தலையை நிமிர்த்துவார். தமிழுக்கு இவ்வளவு காவல் வைத்த யாழ்ப்பாணம், வடமொழி மந்திரம் என்று வந்தால் மட்டும் "எப்படிச் சொன்னாலும் சாமிக்கு விளங்கும்" என்று விட்டுவிடுகிறது. இதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

"முருகா" என்று மனமுருகிக் கூப்பிடுகிறவருக்கு இலக்கணம் தேவையில்லை. மந்திரம் வேறு. அதற்கு ஒலிதான் உடம்பு. அந்த ஒலியைக் காப்பதற்கென்றே வேதத்துக்குச் சிட்சை என்றொரு அங்கம் இருக்கிறது. துவட்டாவின் கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்திரனைக் கொல்ல ஒரு மகன் வேண்டுமென்று வேள்வி செய்த அவர் 'இந்திரசத்ரு' என்ற சொல்லில் சுரத்தை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தை, இடம் மாற்றிச் சொல்லிவிட்டார். எழுத்து ஒன்றும் மாறவில்லை. ஆனால் 'இந்திரனைக் கொல்பவன்' என்ற பொருள் போய் 'இந்திரனால் கொல்லப்படுபவன்' என்றாகி, பிறந்த விருத்திரன் இந்திரன் கையாலேயே மாண்டான்.

சுரம் வேதத்துக்குரியது, அது குருவிடம் இருந்து படிக்கிறவர்களின் பாடு. வீட்டில் நாங்கள் சொல்லிக்கொடுக்கிற சுலோகத்துக்கு வருவோம். 'கஜானனம் பூதகணாதி சேவிதம் கபித்த ஜம்பூபல' என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். 'கஜ'வில் வருகிற க வேறு, 'கபித்த'வில் வருகிற க வேறு. 'பூத'வில் வருகிற ப ஒரு ஒலி, 'கபித்த'வின் நடுவில் இன்னொன்று, 'பல'வில் மூன்றாவது. அந்தப் 'பல' பழம். விளாம்பழமும் நாவற்பழமும் விரும்பி உண்கிற பிள்ளையாரைத்தான் பாடுகிறோம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொன்னால் காற்று வந்து கையில் அடிக்க வேண்டும். பலராமரின் பெயரில் வருவது போலச் சொன்னால் பழம் போய் வலிமை வந்துவிடும். பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? தாளில் இருப்பது ஒரே ப தானே.

தமிழ் எழுத்தில் குறையென்று நான் சொல்லவரவில்லை. அது தமிழுக்காகப் பிறந்த எழுத்து. வடமொழியை எழுத எங்கள் முன்னோர் கிரந்தம் என்ற தனி எழுத்தை வைத்திருந்தார்கள். கிரந்தம் தெரியாதவர்களுக்காகச் சில பதிப்புகளில் எந்த க, எந்த ப என்று காட்ட எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று சின்ன இலக்கம் போட்டார்கள். இப்போது வருகிற தாள்களில் பெரும்பாலும் அதுவும் இல்லை.

எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவரைப் பாணினீய சிட்சை என்ற ஒலிப்பு நூல் கீழான ஓதுவோர் அறுவரில் ஒருவராகச் சேர்க்கிறது. விரைந்து ஓடுகிறவரும் அந்தப் பட்டியலில் உண்டு. திருவிழாக் காலத்தில் அருச்சனை வரிசை நீளும்போது நூற்றெட்டு நாமமும் ஒரே மூச்சில் ஓடி, கடைசியில் வர வேண்டிய 'நம:' பாதியில் விழுங்கப்படுவதைக் கேட்டால் நெஞ்சு நோகிறது. குருக்கள்மாரைக் குறை சொல்லாதீர்கள், அவசரப்படுத்துவது வரிசையில் நிற்கிற நாங்கள்தான்.

"வடமொழியே வேண்டாம், திருமுறை போதும்" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. திருமுறையைப் பண்ணோடு பிழையறப் பாடுங்கோ, நானும் பக்கத்தில் இருந்து பாடுவேன். இரண்டையும் அரைகுறையாகச் சொல்வதுதான் பொறுக்கமுடியாதது.

கோயில் பரிபாலன சபைகளில் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டு உறவுகள் அனுப்புகிற காசில் இராசகோபுரம் எழும்புகிறது, ஒலிபெருக்கியும் புதிதாகிறது. அதில் ஒரு பங்கை எடுத்து, முறையாகப் படித்த குருக்கள் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, கிழமையில் ஒரு பின்னேரம் பிள்ளைகளை இருத்திச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கோ. தாள் வேண்டாம். அவர் சொல்லட்டும், பிள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும்.