ஹில், ஆடம்சன விட்டுட்டீங்களே

உங்க கட்டுரை நல்லாருக்கு, ஆனா 1840கள்ல எடுத்த போர்ட்ரெய்ட் போட்டோ எல்லாம் விறைச்ச முகம், வெறும் பதிவு, கலைன்னு சொல்ல முடியாதுன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, அத ஏத்துக்க முடியல. ஸ்காட்லாந்துல எடின்பரோல டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் ராபர்ட் ஆடம்சனும் எடுத்தத பெருசு பண்ணி பாருங்க. ஹில் ஓவியர், ஆடம்சன் போட்டோகிராஃபர். 1843ல ஸ்காட்லாந்து சர்ச்ச விட்டு பிரிஞ்ச நூத்துக்கணக்கான பாதிரிமார ஒரே ஓவியத்துல கொண்டு வரணும், அதுக்கு முகங்கள எடுத்து வெச்சுக்கத்தான் ஹில் ஆடம்சன்கிட்ட போனாரு, போனவரு போட்டோவுலயே மூழ்கிட்டாரு.

எடின்பரோ பக்கத்துல இருக்க மீனவ ஊரு நியூஹேவன், அந்த ஊரு மீன்காரம்மா எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால் படம் இருக்கே, கூடை, கோடு போட்ட பாவாடை, கேமராவ பாக்காம கண்ண தாழ்த்திருப்பாங்க, அதுல எங்க விறைப்பு இருக்கு சொல்லுங்க? இவங்க எடுத்தது கேலோடைப்ங்கற ஆரம்பகால போட்டோ முறைல, அதுல நெகட்டிவே பேப்பர்தான், அதோட நார் பிரிண்ட்லயும் இறங்கி விளிம்பெல்லாம் மெத்துன்னு ஆயிடும், நிழல் கரித்துண்டுல தேய்ச்ச மாதிரி கனமா நிக்கும். அந்த சொரசொரப்புதான் இதுக்கு உயிருன்னு ஹில்லே எழுதிருக்காரு, அப்போ தெரிஞ்சு பண்ணதுதானே அது.

அசையாம இருக்கணும்னு கன்னத்துல கை வெக்க சொல்லுவாங்க, புக்க புடிச்சுக்க சொல்லுவாங்க, வெளிச்சம் பத்தாதுன்னு நாற்காலி மேசைய வீட்டுக்கு வெளிய வெயில்ல போட்டு ரூமுக்குள்ள இருக்க மாதிரி எடுப்பாங்க. இவ்ளோ யோசிச்சு பண்ணத மெஷின் வேலைன்னு எப்படிங்க தள்ளுறது? 1848ல ஆடம்சன் 26 வயசுலயே போயிட்டாரு, அதுக்குள்ள ஆயிரக்கணக்குல எடுத்துட்டாங்க. தயவுசெஞ்சு ரெண்டு படமாவது கட்டுரைல சேருங்க.