ஹார்ப்புக்கு ஏழு பெடல், அக்காவுக்கு இரண்டு கால்

(கோடைக்கால இசை அகாடமியில் மூன்றாம் நாள். ஒரு பயிற்சி அறை. உள்ளே ஹார்ப் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் அக்கா சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து அறையில் ஒரு டிராம்போன், காலையிலிருந்து அதே நான்கு சுரத்தை விடாமல் ஊதுகிறது. இசைக் குறிப்புகள் அடங்கிய ஃபைலை மார்போடு அணைத்தபடி வாசலில் ஒரு தம்பி. இசையமைக்க வந்தவன்.)

அக்கா: வா தம்பி. இந்த ஸ்கோர் நீ எழுதியதுதானே?

தம்பி: ஆமாம் அக்கா. பிடித்திருக்கிறதா?

அக்கா: அது இருக்கட்டும். ஹார்ப்பை நீ இதற்கு முன் பார்த்திருக்கிறாயா?

தம்பி: நிறையத் தடவை. கம்ப்யூட்டரில், வாத்தியப் பட்டியலில், பியானோவுக்கு மேல் வரிசையில் இருக்குமே.

அக்கா: நேரில்?

தம்பி: இதோ, பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இவ்வளவு உயரமா அக்கா!

அக்கா: சரி, உட்கார். முதல் பாரிலேயே, அந்த முதல் தாளக் கட்டத்திலேயே, இந்தக் கைக்கு ஐந்து சுரம், அந்தக் கைக்கு ஐந்து சுரம், எல்லாம் ஒரே நேரத்தில்.

தம்பி: பத்து விரல், பத்து சுரம். கணக்கு இடிக்கவில்லையே?

அக்கா: நாங்கள் சுண்டுவிரலால் வாசிப்பதில்லை.

தம்பி: ஏன் அக்கா, ஏதாவது வேண்டுதலா?

அக்கா: குட்டை விரல், தந்திக்கு எட்டாது, பலமும் போதாது. கைக்கு நான்கு விரல்தான். ஆக எட்டு.

தம்பி: மிச்சம் இரண்டு சுரம்?

அக்கா: அதை வாசிக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன். இப்போது குனிந்து கீழே பார். எத்தனை பெடல்?

தம்பி: ஒன்று, இரண்டு... ஏழு! நமக்கு இரண்டு கால்தானே அக்கா?

அக்கா: எழுதும்போது இது தோன்றியிருக்கலாம். ஏழு சுரத்துக்கு ஏழு பெடல். டி, சி, பி மூன்றும் இடது காலுக்கு. இ, எஃப், ஜி, ஏ நான்கும் வலது காலுக்கு. மேலே விட்டால் ஃபிளாட், அரைச் சுரம் இறங்கும்; நடுவில் நேச்சுரல், இருந்தபடி இருக்கும்; அடியில் அழுத்தினால் ஷார்ப், அரைச் சுரம் ஏறும். சி பெடலை மிதித்தால், கோடியில் இருக்கும் ஒன்றைத் தவிர எல்லா சி தந்தியும் ஒன்றாக மாறும்.

தம்பி: பிரமாதம் அக்கா!

அக்கா: பிரமாதம்தான். இப்போது உன் 12-ஆம் பாருக்கு வா. சி, சி ஷார்ப், டி, டி ஷார்ப் என்று 12 சுரமும் படிப்படியாக ஏறுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள்.

தம்பி: அதுதான் அக்கா கிளைமாக்ஸ்.

அக்கா: சி-யை மீட்டிய கையோடு இடது காலால் சி பெடலை மிதிக்க வேண்டும். உடனே அதே கால் டி-க்கு ஓட வேண்டும். அப்புறம் வலது கால் ஆரம்பிக்கும். பார்க்கிறவர்களுக்கு நான் தையல் மெஷின் மிதிப்பதாகத்தான் தோன்றும்.

தம்பி: கம்ப்யூட்டர் கொஞ்சம்கூடத் தடுமாறாமல் வாசித்ததே!

அக்கா: கம்ப்யூட்டருக்குக் கால் கிடையாது தம்பி.

(தம்பி பென்சிலை எடுத்து 12-ஆம் பாரை அடிக்கிறான். அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறான்.)

அக்கா: அடுத்தது 30-ஆம் பார். ஒரே ஒரு சுரம், நான்கு பார் நீளத்துக்கு. அடியில் கிரெசெண்டோ வேறு.

தம்பி: மெல்லத் தொடங்கிப் பெரிதாகி அரங்கமே நிறைய வேண்டும் அக்கா.

அக்கா: தந்தியை மீட்டி விட்டால் ஒலி குறையும், கூடாது. வேண்டுமானால் நீயே கேள்.

(மீட்டுகிறார். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.)

தம்பி: அக்கா, ஏறுகிறது! நன்றாகவே ஏறுகிறது!

அக்கா: அது பக்கத்து அறை டிராம்போன்.

தம்பி: (பெருமூச்சு விட்டு) இங்கே வந்த நாளிலிருந்தே இப்படித்தான். முதல் நாள் என்ன வாசிப்பாய் என்று கேட்டார்கள். ஒன்றும் வாசிக்க மாட்டேன், எழுதுவேன் என்றேன். கை சும்மாதானே இருக்கிறது என்று நாற்காலி அடுக்க அனுப்பிவிட்டார்கள். நேற்று ஆசிரியர் ஸ்கோரைப் புரட்டிவிட்டு, இதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று கேட்டார். ஹார்ப் என்றேன். ஹார்ப் சரி, யார் என்று மறுபடி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அக்கா: அதனால்தான் இங்கே வந்தாயா?

தம்பி: நாற்காலி அடுக்குவதிலிருந்து தப்பிக்கவும்தான். பேசாமல் மௌனத்தையே எழுதிவிடலாமா அக்கா?

அக்கா: அதை ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1952-லேயே எழுதிவிட்டார். 4 நிமிடம் 33 நொடி. எந்த வாத்தியத்துக்கும் பொருந்தும். அதில் ஹார்ப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

(தம்பியின் முகம் தொங்கிப்போகிறது. அக்காவுக்கு மனம் கேட்கவில்லை.)

அக்கா: சரி, இங்கே பார். இ-யை ஃபிளாட் ஆக்குகிறேன், டி-யை ஷார்ப். இரண்டும் இப்போது ஒரே சுரம். ஜி-யை ஃபிளாட் ஆக்கி எஃப்-ஐ ஷார்ப் ஆக்கினால் அதுவும் ஒன்றுதான். பி ஷார்ப், சி நேச்சுரல், அதுவும் அப்படியே. ஏ தனியாக இருக்கட்டும். ஏழு தந்தி, ஆனால் கேட்பது நான்கே சுரம். இப்போது கையை மேலிருந்து கீழே இழுத்தால்...

(இழுக்கிறார். அறை முழுக்க மினுமினுக்கிறது. டிராம்போன்கூட ஒரு கணம் நின்றுபோகிறது.)

தம்பி: அக்கா! இதை ஏன் யாருமே எனக்குச் சொல்லவில்லை? எல்லாப் பாரிலும் இதையே போட்டுவிடுகிறேன்!

அக்கா: போடு. கதாநாயகி கனவு காணும் காட்சிக்கு உதவும்.

தம்பி: அப்படியானால் ஒரே ஒரு இடம்?

அக்கா: ஒரே ஒரு இடம். பெடலை மாற்றிக்கொள்ள முன்னால் இரண்டு பார் சும்மா விடு.

(கதவு தட்டும் சத்தம். அக்கா கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கிறார்.)

அக்கா: ஓபோ என்ற ஊதுகுழல் வாசிப்பவர் நிற்கிறார், முகமெல்லாம் சிவந்துபோய். அவருக்கு மூச்சு விட எங்கேயாவது இடம் கொடுத்தாயா?

தம்பி: வாயில் வைத்து ஊதும் அந்தச் சின்ன ரீடில் காற்று அதிகம் போகாதே அக்கா. 60 பார் ஒரே இழுப்பில் போய்விடலாம் என்று...

அக்கா: போகாததுதானே தொல்லை! இழுத்த மூச்சு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிடந்து அவர் திணறுவார். பின்னால் கிளாரினெட்டும் நிற்கிறார்.

தம்பி: அவருக்கு நிறைய ஓய்வு கொடுத்திருக்கிறேனே!

அக்கா: அவருடையது பி ஃபிளாட் கிளாரினெட். சி என்று எழுதியதை வாசித்தால் பி ஃபிளாட்தான் கேட்கும். ஒரு முழுச் சுரம் ஏற்றித்தானே எழுதினாய்?

தம்பி: ஏற்ற வேண்டுமா?

(மறுபடியும் தட்டும் சத்தம். இந்த முறை கொஞ்சம் பலமாக. இதுதான் சரியான கிரெசெண்டோ.)

தம்பி: அக்கா, ஹார்ப்புக்குப் பின்னால் ஓர் ஆள் ஒளிந்துகொள்ள இடம் இருக்குமா?

அக்கா: தாராளமாக. மொத்தம் 47 கம்பி தம்பி. உள்ளே போய் எண்ணிக்கொண்டிரு.