அது மண்புழு இல்லை, பாம்பு

பூம்பாறைப் பூண்டுப் பாத்தியில் கிடைத்த உயிரியின் படத்துக்குக் கீழே ஒரு நண்பர், "முதுகெலும்பில்லாத பெரிய மண்புழு, இரண்டு தலை, கடித்தால் விஷம்" என்று எழுதியிருக்கிறார். மூன்றுமே தவறு.

இது கேடயவால் பாம்பு. கூராகக் குறுகும் முனைதான் தலை. சாய்வாக வெட்டினாற்போல், சொரசொரப்பாக, மண் அப்பியிருக்கும் முனை வால். படத்தைப் பெரிதாக்கினால் செதில்கள் தெளிவாகத் தெரிகின்றன. மண்புழுவுக்கு ஏது செதில்?

முதுகெலும்பு இல்லை என்பதைத்தான் என்னால் விட முடியவில்லை. இது மண்ணைத் துளைப்பதே அதை வைத்துத்தான்! உடலின் முன்பகுதியில் முதுகெலும்பு தோலுக்குள்ளேயே நெளிந்து மடிகிறது. அந்த இடம் புடைத்து வளையின் சுவரில் இறுக ஊன்றிக்கொள்ள, பிறகு முதுகெலும்பு நிமிரும்போது தலை மண்ணுக்குள் முன்னேறுகிறது. அங்குள்ள தசைகளில், ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் புரதமான மயோகுளோபின் மிகுதி, அதனால் சளைக்காமல் தோண்டும்.

அப்புறம், இதற்கு விஷம் கிடையாது. மண்புழுதான் இதன் முக்கிய இரை. முட்டையிடாமல் குட்டி போடும். தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இந்தக் குடும்பம் இல்லை. பாத்தி கொத்தும்போது கண்ணில் பட்டால் தயவுசெய்து அடிக்காதீர்கள், பக்கத்து ஈரமண்ணில் விட்டுவிடுங்கள்.