போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்லும் தளங்கள் நிறைய இருக்கின்றன. போன வருடம் அப்பா சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பியபோது நானும் அப்படித்தான் பார்த்தேன். டெல்லியிலிருந்து ஏறத்தாழ 12,400 கி.மீ., 15 மணி நேரம் என்று வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை. அந்த 15 மணி நேரத்தை நம்பி, எந்த மாத்திரை எப்போது என்று எழுதிக் கொடுத்தேன். போக, வர, இரண்டுக்கும் ஒரே தாள்.

போகும்போது எல்லாம் சரியாக இருந்தது. திரும்பி வரும்போது பதினாறரை மணி நேரம் தாண்டிவிட்டது. டெல்லியில் இறங்கியதும் சாப்பிடுவார் என்று நான் கணக்குப் போட்ட நேரத்தில் அவர் இன்னும் வானத்தில்தான் இருந்தார். தாளில் இருந்தபடி மாத்திரையைப் போட்டுவிட்டார், சாப்பாடு இல்லை. கை நடுங்க ஆரம்பித்ததும் பக்கத்து சீட் அம்மா தன் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவருக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். அந்த 12,400 கி.மீ. என்பது உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் வரும் தூரம். நூல் சைபீரியாவைத் தாண்டி, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா பக்கமாக இறங்கும். விமானம் அந்த நூலிலேயே போக வேண்டும் என்று கட்டாயமில்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே ஊர்களுக்கு நடுவே என்ன செய்தது தெரியுமா? 13,900 கி.மீ. அட்லாண்டிக் வழியை விட்டுவிட்டு, 15,300 கி.மீ. பசிபிக் வழியில் பறந்தது. தூரம் 1,400 கி.மீ. கூடியது, நேரமோ சுமார் 2 மணி குறைந்தது! பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது.

காரணம் காற்று. விமானம் பறக்கும் உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. டெல்லியிலிருந்து பசிபிக் வழி கிழக்கே போவது, அட்லாண்டிக் வழி மேற்கே போவது. அதோடு போனால் தள்ளிவிடும், எதிர்த்து வந்தால் இழுத்துப் பிடிக்கும். குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் அதிகம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் அந்தத் தளங்கள் போக, வர ஒரே நேரத்தைக் காட்டுவது தப்பு என்றே சொல்வேன். தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுத்து ஒரு எண்ணைத் தருவது பயண நேரம் ஆகாது. இரண்டு திசைக்கும் தனித்தனியாகப் போடட்டும். வயதானவர்களை அனுப்புகிறவர்கள் அந்த எண்ணை நம்பாதீர்கள். விமானங்கள் பறப்பதைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் விமான எண்ணைப் போட்டால் கடந்த சில நாட்களில் நிஜமாக எவ்வளவு நேரம் பறந்தது என்று தெரியும். அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் மாத்திரை நேரத்தைக் கேளுங்கள்.

அடுத்த மாதம் அப்பா மறுபடி போகிறார். இந்த முறை டாக்டர் எழுதித் தந்தது இரண்டு தாள். வரும் வழிக்கான தாளோடு நாலு கடலை மிட்டாயும் சேர்த்து மருந்துப் பையில் வைத்திருக்கிறேன்.