தேங்காய் போட்ட ரொட்டியும் போடாத ரொட்டியும்

"தோட்டத்து ஆட்கள் கோதுமை மாவை விட்டுவிட்டு சோறும் கீரையும் சாப்பிடப் பழகினால் செலவும் குறையும், சீனி வருத்தமும் வராது" என்று போன கிழமை ஒரு நண்பர் எழுதியிருந்தார். நல்ல மனுஷர்தான், கொழும்பில் இருக்கிறார். அவருக்குப் பதில் எழுதப்போய் அது நீண்டுவிட்டது. அதனால் இங்கேயே போடுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். அம்மா விடிய நாலு மணிக்கு எழும்புவார். பிள்ளைகளின் காலைச் சாப்பாடு, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுப்பது, அவர் கொழுந்தெடுக்க மலைக்குக் கொண்டுபோவது எல்லாம் ஒரே மாவில் முடிந்துவிடும். மா, உப்பு, துருவிய தேங்காய், கொஞ்சம் வெந்நீர். உருட்டித் தட்டிக் கல்லில் போட்டால் ரொட்டி. பத்து மணிக்குக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, கறை பிடித்த கையோடு நின்றபடியே பிய்த்துத் தின்னலாம். மழையில், சரிவில் நின்று சோற்றையும் கீரையையும் பிசைந்து சாப்பிடச் சொல்கிறவர் ஒரு நாள் மலைக்கு வந்து பார்க்கட்டும்.

இன்னொரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. எங்கள் மாவட்டத்து நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கொழும்பில் சட்டென்று மசிகிற கடலை மலையில் வேகாமல் விறகைத் தின்றுகொண்டு கிடக்கும். கல்லில் வேகிற ரொட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கள் ஆத்தாமார் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, விறகு சுமந்த தலைக்குத் தெரியும்.

கோதுமை மாவில் இருக்கிற கெடுதலை நான் மறுக்கவில்லை. அம்மாவுக்கே சீனி வருத்தம் இருக்கிறது. ஆனால் விலையைப் பற்றிப் பேசுவதானால் மாவை விட்டுவிட்டுத் தேங்காயைப் பேசுங்கள்.

தேங்காய் எங்கள் குளிரில் காய்க்காது. குருநாகல், புத்தளம் பக்கமிருந்து லொறியில் மலை ஏறி வரவேண்டும். 2025 ஆரம்பத்தில் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியது. அப்போது கொழுந்து எடுப்பவரின் நாட்சம்பளம் 1,350. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு கழிந்தால் மிச்சம் 1,242. ஒரு முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, ஆறு தேங்காய்! கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்த நாளைக் கேட்கவே வேண்டாம். 2026 வரவு செலவுத் திட்டத்தில் சம்பளம் 1,550, வந்த நாளுக்கு அரசாங்கம் 200 என்று சொன்னார்கள். நல்லது. நான் சொல்வது அந்த ஆறு தேங்காயைப் பற்றி.

அந்த மாதங்களில் அம்மா ஒரு தேங்காயை மூன்று நாளைக்கு இழுத்தார். உடைத்ததும் ஒரு பாதியின் வெட்டுவாயில் உப்பைத் தடவிக் கவிழ்த்து வைப்பார். மற்றப் பாதியில் சம்பலுக்கு மட்டும் துருவல். அடுத்த நாள் மிச்சப் பாதியில் கொஞ்சம் பருப்புக்குப் பாலாகும். பிழிந்த சக்கையை வீசமாட்டார். மூன்றாம் நாள் ரொட்டி மாவுக்குள் போவது அதுதான். ஓடு கறுப்பாகத் தெரியும்வரை துருவினால் சம்பலில் பழுப்பாகத் தூள் விழும். தம்பி அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைப்பான். தேங்காயே போடாமல் சுட்ட ரொட்டியைத் தின்று பார்த்திருக்கிறீர்களா? சூட்டோடு தின்னலாம். பத்து மணிக்கு மலையில் செருப்புத் தோல்தான்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பிறகு அது குறைந்துவிட்டது என்று செய்தியில் சந்தோஷமாகச் சொன்னார்கள். எங்கள் லயத்தில் நிறையப் பேர் சாமான் விலை இறங்கிவிட்டது என்றே நினைத்துக் கடைக்குப் போனார்கள். ஏறுகிற வேகம்தான் குறைந்தது, ஏறினது ஏறினதுதான். 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா 790 ரூபாய்க்குப் போனதோடு எங்கள் வீட்டில் பால்தேத்தண்ணி நின்றது, நின்றதுதான். தேயிலை எடுக்கிற வீட்டில் இப்போது பால் இல்லாத சாயத்தண்ணியும், உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும்.

கடையில் பேசுகிற பேச்சும் மாறிவிட்டது. முன்பு "ஒரு கிலோ பருப்பு" என்றவர்கள் "இருநூற்றைம்பது" என்றார்கள், இப்போது "நூறு". நெத்தலிக் கருவாட்டை ஐம்பது கிராம் கட்டித் தருகிறார்கள். ஐம்பது ஐம்பதாக வாங்கினால் கிலோவுக்குக் கணக்குப் பார்க்கையில் கூடத்தான் விழும். அது வாங்குகிறவர்களுக்கும் தெரியும். கிலோவுக்குக் கையில் காசு வேண்டுமே.

பின்னேரம் பாண், பணிஸ் விற்கிற சூன்பாண் ஆட்டோ அந்த மெட்டைப் போட்டுக்கொண்டு வளைவில் வரும். நாங்கள் சின்னதாக இருந்தபோது ஒரு கிம்புலா பணிஸை மூன்றாகப் பிய்த்து, சீனி ஒட்டின நுனிக்குச் சண்டை போடுவோம். இப்போது பக்கத்துக் காம்பராப் பொடியன் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், காசு கேட்பதில்லை. அவனுடைய அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுக்கிறார். எனக்கு அது பணிஸைவிட நல்ல தீனிதான், ஆனால் ஏழு வயதில் நானும் அப்படி நினைத்திருக்கமாட்டேன்.

நான் இப்போது ஹட்டனில் வேலை செய்கிறேன். ஊருக்குப் போகும்போது முன்பெல்லாம் கேக் கொண்டுபோவேன். "அது எதுக்கு புள்ள, ரெண்டு தேங்கா வாங்கிட்டு வா, குலுக்கிப் பாத்து வாங்கு" என்று அம்மா சொல்லிவிட்டார். போன முறை குலுக்கித்தான் வாங்கினேன். உடைத்தால் ஒன்றில் புளித்த வாடை. அதற்காக பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய் மாற்றுவதா? அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைக் கீறி முறத்தில் போட்டு வெயிலில் வைத்தார். "தலைக்கு எண்ணெய்க்காவது ஆகும்" என்றார். மூன்று நாளாக மழை.